போரதீவுப்பற்றின் நிலவியலும் நிருவாக வரலாறும்

ஒரு நாட்டின் வரலாறு அரசர் பெயர்களாலும் போர்களாலும் மட்டும் நிரம்பிவிடுவதில்லை. நிலத்தைப் பிரித்தவர் யாவர், பிரிவுக்குரிய வரியை வாங்கினவர் யாவர், வழக்குத் தீர்த்தவர் யாவர், நீரைப் பங்கிட்டவர் யாவர் என்னும் வினாக்களுக்கு விடை காண்பதும் வரலாறேயாம். கிழக்கு மாகாணத்தின் வரலாறும் மட்டக்களப்பு மாவட்டத்தின் வரலாறும் ஓரளவுக்கு எழுதப்பட்டுள்ளன. அவற்றினும் சிறிய அலகாகிய பற்றின் வரலாறோ பெரும்பாலும் தனித்து ஆராயப்படவில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கத்தில், வெல்லாவெளியைப் பணிமனைக்கு இடமாகக் கொண்டு விளங்கும் போரதீவுப்பற்றை எடுத்துக்கொண்டு, மேற்கூறிய வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பற்றினை ஆண்டோர் பலர். வன்னியர் ஆண்டனர், கண்டியரசர் மேலாண்மை செலுத்தினர், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து வந்தனர், பின்னர் நாடு விடுதலை பெற்றது. ஆட்சிகள் இத்தனை மாறியும் பற்றின் பெயர் மாறவில்லை. எழுதுகோல் கொண்டு எவரும் வரைவதற்கு முன்னமே வாவியும் வயலும் அதன் எல்லையை வகுத்துவிட்டமையே இதற்குக் காரணம் என்பது எமது கருத்து. நீரைத் தழுவிச் சென்ற எல்லைகள் நிலைபெற்றன. நீரைக் குறுக்கறுத்த எல்லைகள் இன்றும் இடர் விளைக்கின்றன. இக்கருத்தைச் சான்றுகளால் நிறுவ முயல்வாம்.

நிலத்தின் இயல்பு

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை கடற்கரைக்கு இணையாக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணற்பாங்கான நிலம் உண்டு. ஞாயிறு எழும் திசையில் உள்ளமையால் அதனை எழுவான்கரை என்பர். வாவிக்கு மேற்கே, ஞாயிறு படும் திசையில் அகன்று கிடக்கும் நிலம் படுவான்கரை எனப்படும். திசையை வைத்துப் பெயரிட்ட இவ்விரு சொற்களும் மட்டக்களப்பின் நிலவியல் முழுவதையும் தம்முள் அடக்கியுள்ளன எனல் மிகையாகாது. எழுவான்கரையில் தென்னையும் மீன்பிடியும் கைத்தொழிலும் சந்தையும் நெருங்கிய குடியிருப்பும் மிகுதி. படுவான்கரையில் நெல்வயலும் குளமும் மேய்ச்சல் நிலமும் காடும் மிகுதி. ஒரு கரை விளைப்பது. மற்றைக் கரை வாங்குவதும் விற்பதும் ஆகும். ஒன்றையொன்று இன்றி இரண்டும் வாழ்ந்ததில்லை.

போரதீவுப்பற்று படுவான்கரையின் தென்பாகத்தில் அமைந்துள்ளது. இதன் ஊர்ப்பெயர்களை வாவியோரத்திலிருந்து உள்நாடு நோக்கி முறையாக நோக்குவார்க்கு நிலத்தின் தன்மை தானே விளங்கும். வாவியை அடுத்துப் போரதீவு, முனைத்தீவு என வழங்கும் ஊர்கள் உள. தீவு, முனை என்னும் ஈறுகள் நீர் சூழ்ந்த மேட்டு நிலங்களைச் சுட்டுவன. சற்று உள்ளே செல்லின் வெல்லாவெளி, களுமுந்தன்வெளி, ஆனைகட்டியவெளி எனும் பெயர்கள் எதிர்ப்படும். வெளி என்பது மரஞ்செறியாத திறந்த நிலம். பாலையடிவட்டை, காக்காச்சிவட்டை என்பவற்றில் வரும் வட்டை, மட்டக்களப்பு வழக்கில் வயற்பரப்பைக் குறிக்கும் சொல்லாகும். தும்பங்கேணியும் றாணமடுவும் நீர் தங்கும் இடத்தைக் காட்டுவன. மாலையர்கட்டு நீரைத் தேக்கிய கட்டினை நினைவூட்டுவது. வேத்துச்சேனை என்னும் பெயரோ, காடு வெட்டிச் சேனை செய்த காலத்தைச் சொல்லுகின்றது. விவேகானந்தபுரம், சங்கர்புரம் போன்ற ‘புரங்கள்’ பிற்காலக் குடியேற்றங்களின் அடையாளங்கள். கல்வெட்டு இல்லாத இடத்தில் ஊர்ப்பெயரே கல்வெட்டாகும் என்பதற்கு இப்பற்று நல்ல சான்று.

மழையின் முறையையும் இங்கே கூறுதல் வேண்டும். இப்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றினால் மழை பெறுவது. ஒக்டோபர் தொடக்கம் சனவரி வரை பெய்யும் மாரி மழையே ஆண்டின் பெரும்பகுதி நீரைத் தருகின்றது. அக்காலத்தில் மேற்கிலிருந்து இறங்கும் ஆறுகளும் ஓடைகளும் வாவியை நிரப்பும். வாவி கடலோடு கலக்கும் வாய்கள் இரண்டேயாம். ஒன்று வடக்கே மட்டக்களப்பு நகரை அடுத்த பாலமீன்மடுவில் உள்ளது. மற்றையது தெற்கே கல்லாற்றில் உள்ளது. கோடையில் இவ்வாய்களை மணல் அடைத்துக்கொள்ளும். மாரியில் நீர் பெருகி வயலில் ஏறும்போது அம்மணற்றிட்டையை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடுதல் மரபு. இதனை முகத்துவாரம் வெட்டுதல் என்பர். எப்பொழுது வெட்டுவது என்பது எளிதாகத் தீரும் வழக்கன்று. பயிர் நீரில் அழுகுமுன் வெட்டவேண்டும் என்பர் வயலுடையார். வெட்டினால் மீனும் இறாலும் நீரோடு போய்விடும் என அஞ்சுவர் வாவியை நம்பி வாழ்வோர். படுவான்கரையில் ஒருவர் வயல் பிழைப்பதற்கு எழுவான்கரையில் ஒருவர் மண்வெட்டி எடுக்கவேண்டியுள்ளது. ஆகவே, இரு கரைக்கும் பொதுவான அதிகாரம் ஒன்று வேண்டும் என்பது இந்நிலமே விதித்த கட்டளையாகும்.

வன்னிமையும் பற்றும்

பற்று என்பது பற்றுதல் என்னும் வினையடியாகப் பிறந்த சொல். ஒரு தலைவன் பற்றி ஆண்ட நிலம், அல்லது ஓர் ஊர்த்தொகுதியைப் பற்றிக் கிடந்த நிலம் எனப் பொருள் கொள்ளலாம். கோறளைப்பற்று, ஏறாவூர்ப்பற்று, மண்முனைப்பற்று, எருவிற்பற்று, போரதீவுப்பற்று, கரவாகுப்பற்று, சம்மாந்துறைப்பற்று, நிந்தவூர்ப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று என வடக்கிருந்து தெற்காக அடுக்கி வரும் பெயர்கள் பழைய மட்டக்களப்பின் உறுப்புகளைக் காட்டுவன. ஒவ்வொன்றும் வாவியோடோ ஆற்றோடோ வயற்பரப்போடோ பிணைந்தது.

இப்பற்றுகளை ஆண்ட சிற்றதிபர் வன்னியர் எனப்பட்டனர். அவர்தம் அதிகார எல்லை வன்னிமை. மட்டக்களப்பின் பழமரபுகளைத் தொகுத்துக் கூறும் ‘மட்டக்களப்பு மான்மியம்’ என்னும் நூலை எப். எக்ஸ். சி. நடராசா 1962ஆம் ஆண்டில் பதிப்பித்து வெளியிட்டார். அதனை வரலாற்று நூலாக அப்படியே கொள்ளுதல் பொருந்தாது. எனினும், குடிகளின் உரிமை, கோயில்களின் முறை, ஊர்த்தலைமை ஆகியவை பற்றி மக்கள் எவ்வாறு கருதி வந்தனர் என்பதை அறிய அது பெரிதும் உதவும். அந்நூலுக்குப் பின்னர், 1964ஆம் ஆண்டில் பண்டிதர் வீ. சீ. கந்தையா எழுதிய ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இப்பகுதியின் மொழியையும் வாழ்வியலையும் விரித்துரைத்தது.

ஐரோப்பியர் வருகையால் மட்டக்களப்பு எழுத்துச் சான்றுகளில் தெளிவாகத் தோன்றத் தொடங்குகின்றது. 1602ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒல்லாந்துக் கடற்படைத் தலைவன் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கடற்கரையை அடைந்தான். இங்கிருந்த சிற்றரசனைக் கண்ட பின்னரே அவன் கண்டிக்குச் சென்று விமலதர்மசூரியனைக் கண்டான். கண்டியின் மேலாண்மையை ஏற்றும் உள்ளூரில் தம் அதிகாரம் குன்றாமலும் சிற்றதிபர் வாழ்ந்த நிலையை இது புலப்படுத்துகின்றது. போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டில் புளியந்தீவிலே கோட்டை அமைத்தனர். பத்தாண்டின் பின், 1638 மே மாதத்தில், ஒல்லாந்துத் தளபதி வெஸ்டர்வோல்ட் அதனைக் கைப்பற்றினான். அம்மாதமே இரண்டாம் இராசசிங்கனோடு உடன்படிக்கையும் செய்தான். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் தீவின் கரையோர நிலம் சட்டப்படி ஒல்லாந்தர் கைக்கு வந்தது.

ஆயினும் புளியந்தீவுக் கோட்டையில் இருந்தோர் படுவான்கரையின் வயல்வெளிகளை நேரே ஆளவில்லை. நெல்லை அளந்து வாங்கவும் ஆட்களைத் திரட்டவும் அவர்களுக்கு உள்ளூர்த் தலைவர் வேண்டியிருந்தனர். பழுகாமம் போன்ற ஊர்கள் அத்தகைய தலைமைக்கு இருப்பிடமாக விளங்கின. 1784 முதல் 1794 வரை மட்டக்களப்பில் ஒல்லாந்த அதிகாரியாக இருந்த ஜேக்கப் பேர்னான்ட் நெற்செய்கையைப் பெருக்குவதில் ஊக்கங்காட்டியவர். அவர் எழுதிவைத்த அறிக்கை இப்பகுதியின் வேளாண்மையையும் ஊராட்சியையும் அறிய இன்றும் பயன்படுகின்றது. கோட்டைக்கு வேண்டியது நெல். நெல்லுக்கு வேண்டியது பற்று. ஆதலால் கோட்டையின் கொடி மாறியபோதும் பற்று மாறவில்லை.

கோயிலும் ஊராட்சியும்

பற்றின் நிருவாகத்தை வன்னிமையோடு மட்டும் வைத்து எண்ணுதல் குறைபாடாகும். மட்டக்களப்பில் சில பெருங்கோயில்கள் தேசத்துக் கோயில்கள் எனச் சிறப்பிக்கப்பெறும். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயமும் திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி ஆலயமும் மண்டூர்க் கந்தசுவாமி ஆலயமும் இவ்வகையின. இவற்றுள் மண்டூர் போரதீவுப்பற்றில் வாவிக்கரையிலே அமைந்தது. சின்னக்கதிர்காமம் எனப் போற்றப்படும் இத்தலத்தில் கப்புகனார் வாய்கட்டிப் பூசை செய்யும் முறை கதிர்காமத்தை ஒத்தது.

இக்கோயிலில் திருவிழா நடத்தும் உரிமை ஊர்களுக்கும் குடிகளுக்கும் பகுத்து அளிக்கப்பட்டுள்ளது. தாய்வழியாக வரும் குடிமுறை, கோயிற் சொத்தைக் காக்கும் வண்ணக்கர் பதவி, முன்னீடு பெறும் வரிசை ஆகியவை கோயிலைச் சுற்றியுள்ள ஊர்கள் அனைத்தையும் ஒரே ஒழுங்கில் பிணைத்தன. எழுவான்கரை ஊர்களுக்கும் இங்கே உரிமையுண்டு. குருமண்வெளித் துறையிலிருந்து தோணியேறி மண்டூரை அடைந்த அடியார் கூட்டம், வாவி பிரிப்பதோடு சேர்ப்பதும் செய்யும் என்பதை ஆண்டுதோறும் காட்டி வந்துள்ளது. மண்டூர்க் கோயிலின் வரலாறும் அதன்மேல் எழுந்த உரிமை வழக்குகளும் அமெரிக்க மானிடவியலாளர் மார்க் விற்றேக்கரை ஈர்த்தன. 1999ஆம் ஆண்டில் அவர் இக்கோயிலையே பொருளாகக் கொண்டு ஒரு நூல் வெளியிட்டார். கோயிலை அறியாமல் பற்றை அறிய இயலாது என்பதை அயல்நாட்டாரும் உணர்ந்தனர் போலும்.

ஆங்கிலேயர் காலம்

1795ஆம் ஆண்டில் மட்டக்களப்புக் கோட்டை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1833ஆம் ஆண்டில் கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி இலங்கை ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டது. திருகோணமலையும் மட்டக்களப்பும் தமன்கடுவை, விந்தனை முதலிய உள்நாட்டுப் பகுதிகளோடு சேர்ந்து கிழக்கு மாகாணம் ஆயின. பின்னர் 1873இல் வடமத்திய மாகாணம் அமைக்கப்பட்டபோது தமன்கடுவை அதனோடு சேர்க்கப்பட்டது. மாகாணத்தின் எல்லை இவ்வாறு கூடியும் குறைந்தும் வந்தது. அதன் அடியில் இருந்த பற்றுகளோ தம் பெயரோடு நிலைத்தன.

ஆங்கிலேயர் பழைய வன்னியர் பதவியை அழிக்கவில்லை. அதன் பொருளை மாற்றினர். பற்றின் தலைமைக்காரர் வன்னியனார் என்னும் பழம்பெயரையே தாங்கினும், அவர் இப்பொழுது கச்சேரியால் நியமிக்கப்பெற்ற அலுவலர். அவருக்குக் கீழே உடையாரும் விதானைமாரும் இருந்தனர். எருவிற்பற்றும் போரதீவுப்பற்றும் ஒரே தலைமைக்காரர்கீழ் வைக்கப்பட்ட காலமும் உண்டு. அவ்வாறு வைத்தபோதும் இரண்டின் பெயரையும் இணைத்தே வழங்கினரன்றி ஒன்றை மற்றொன்றினுள் கரைத்துவிடவில்லை.

நீர் நிருவாகத்தில் ஆங்கிலேயர் செய்த ஒரு செயல் குறிப்பிடத்தக்கது. தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டில், நீர்ப்பாசனம் பற்றிய பழைய வழக்கங்களுக்குச் சட்ட வலிமை கொடுக்கும் கட்டளைச்சட்டம் ஒன்று பிறந்தது. எந்நாளில் விதைப்பது, எவர் எவ்வளவு வரம்பு கட்டுவது, மாட்டை எப்பொழுது வயலினின்றும் அகற்றுவது என்பவற்றை வயலுடையார் கூடித் தீர்மானிக்க, அத்தீர்மானத்தை வட்டை விதானையார் நிறைவேற்றினார். போடியார் நிலம் தந்தார், முல்லைக்காரன் வேலை நடத்தினான், வயற்காரன் உழைத்தான். இவ்வமைப்பிலே பெரும் ஏற்றத்தாழ்வு இருந்தது என்பதை மறைத்தல் கூடாது. உழைத்தவன் பங்கு சிறிது; நிலமுடையான் பங்கு பெரிது. ஆயினும் நீர் பற்றிய அதிகாரம் நீர் பாயும் இடத்திலேயே இருந்தது என்பதும் உண்மை. 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கிராமக் குழுக்களும் கிராம நீதிமன்றங்களும் சிறு வழக்குகளை ஊரிலேயே தீர்க்க வழிசெய்தன.

உரிமையியலிலும் மாற்றம் நேர்ந்தது. மட்டக்களப்பில் தாய்வழியாகச் சொத்துரிமை செல்லும் முறையை முக்குவர் சட்டம் என்பர். அதனைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். அதே ஆண்டில் இயற்றப்பட்ட மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தால் அம்முறை நீதிமன்றத்தில் வலுவிழந்தது. நீதிமன்றம் கைவிட்ட முறையைக் கோயிலும் சீதன வழக்கமும் இன்றுவரை ஓரளவு காத்து வருகின்றன.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மட்டக்களப்பு மாவட்டம் பற்றிய விரிவான நூலொன்றை எஸ். ஓ. கனகரத்தினம் 1921ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அந்நூல் காட்டும் வன்னியனார் ஆட்சி அதன்பின் நெடுநாள் நீடிக்கவில்லை. தலைமைக்காரர் முறை மக்களாட்சிக்கு ஒவ்வாதது என்னும் எண்ணம் வலுத்தமையால், 1938க்கும் 1946க்கும் இடையில் நாடெங்கும் அப்பதவிகள் படிப்படியாக நீக்கப்பட்டன. அவர்தம் இடத்திற்குத் தேர்வின்மூலம் தெரிவான பிரிவுக் காரியாதிகாரிகள் வந்தனர். குடிப்பிறப்பால் வந்த அதிகாரம் ஒழிந்து, கல்வியால் வந்த அதிகாரம் தொடங்கிய காலம் அது.

ஸ்கொத்லாந்தின் ஒப்புமை

நம் நாட்டு நிகழ்ச்சியைப் பிறநாட்டு நிகழ்ச்சியோடு ஒப்பிட்டால் அதன் தன்மை தெளிவாகும். ஸ்கொத்லாந்தின் தென்கிழக்கில், துவீட் ஆற்றை ஒட்டி பெரிக்ஷயர் என்னும் கோட்டம் உண்டு. ஷயர் என்பது, ஷெரிப் எனப்பட்ட அரச அலுவலரின் ஆள்நிலமாக இடைக்காலத்தில் உருவானது. அரசனால் நியமிக்கப்பட்ட ஷெரிப் பதவி காலப்போக்கில் பல இடங்களில் குடிவழி உரிமையாயிற்று. 1746ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பிரித்தானியப் பாராளுமன்றம் அத்தகைய குடிவழி நீதியதிகாரங்களை ஒழித்தது. நம் வன்னியனார் பதவி, குடிவழித் தலைமையாக இருந்து அரச நியமனமாகி, இறுதியில் நீக்கப்பட்டது. இரு வரலாறும் முற்றிலும் ஒன்றல்ல. எனினும், பிறப்பால் வரும் அதிகாரத்தை மைய அரசு வாங்கிக்கொண்ட முறையில் ஒற்றுமை காணப்படுகின்றது.

பெயரைப் பற்றிய ஒற்றுமை இன்னும் வியப்புடைத்து. பெரிக்ஷயர் தன் பெயரைப் பெற்ற பெரிக் நகரம் 1482ஆம் ஆண்டில் இறுதியாக இங்கிலாந்தின் கைக்குப் போய்விட்டது. தலைநகரை இழந்த அக்கோட்டம் கிறீன்லோ, டன்ஸ் என்னும் சிற்றூர்களைத் தன் பணிமனைக்கு இடமாக்கிக்கொண்டது. பெயரை மாத்திரம் விடவில்லை. 1975ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் பழைய கோட்டங்கள் உள்ளூராட்சி அலகுகளாக இல்லாதொழிந்தன. பின்னர் 1996ஆம் ஆண்டில் 32 மன்றப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. எனினும் பெரிக்ஷயர் என்னும் பெயர் மக்கள் வாயிலும் காணிப் பதிவேட்டிலும் இன்றும் வழங்குகின்றது. அவ்வாறே போரதீவுப்பற்றின் பெயர் வாவியோரத்துப் போரதீவிலிருந்து வந்தது. அதன் பிரதேச செயலகமோ உள்ளே வெல்லாவெளியில் உள்ளது. பணிமனை இடம்பெயரலாம், பெயர் எளிதில் இடம்பெயராது.

விடுதலையின் பின்

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலுக்கென வகுக்கப்பட்ட தொகுதிகளுள் பட்டிருப்பும் ஒன்று. இத்தொகுதி வாவியின் இரு கரையையும் ஒன்றாகக் கொண்டது. இதன் பிரதிநிதியாக விளங்கிய சி. மூ. இராசமாணிக்கம் தமிழரசுக் கட்சியின் தலைவராகவும் இருந்தவர். விகிதாசாரத் தேர்தல்முறை வந்தபின் தனித்தொகுதி மறைந்தது. எனினும் பட்டிருப்பு என்னும் பெயர் மட்டக்களப்புத் தேர்தல் மாவட்டத்தின் ஓர் உட்பிரிவிலும் கல்வி வலயத்திலும் நிலைத்துள்ளது.

இக்காலத்தில் நிகழ்ந்த பெருமாற்றம் கல்லோயாத் திட்டமாகும். தமிழில் பட்டிப்பளை ஆறு எனப்படும் கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டுவதற்கும், அதனைச் சார்ந்த நிலங்களில் குடியேற்றம் செய்வதற்கும் 1949ஆம் ஆண்டில் தனி அபிவிருத்திச் சபையொன்று நிறுவப்பட்டது. பல்லாயிரம் ஏக்கர் புதுவயலாயிற்று. பிற மாகாணங்களிலிருந்து பெருந்தொகையான சிங்களக் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. 1956ஆம் ஆண்டில் அப்பகுதியில் தமிழர்க்கெதிரான வன்செயலும் மூண்டது. நீரைத் தேக்குவது எங்கே, பாய்ச்சுவது எங்கே, அதற்கு மேலதிகாரி எவர் என்னும் வினாக்கள் அதன்பின் பொறியியலோடு நில்லாமல் அரசியலுமாயின.

1961ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் உருவாயிற்று. கரவாகு, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பாணமை முதலிய பற்றுகள் புதிய மாவட்டத்திற்குச் சென்றன. போரதீவுப்பற்று மட்டக்களப்பில் நின்றது. அதுவரை மாவட்டத்தின் நடுப்பாகத்தில் இருந்த பற்று ஒரே நாளில் எல்லைப்பற்றாயிற்று. 1892ஆம் ஆண்டில் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரை மட்டக்களப்புத் தந்த மாமேதை என இன்றும் போற்றுகின்றோம். ஆனால் அவர் பிறந்த ஊர் இன்று அம்பாறை மாவட்டத்தில் உள்ளது. மக்களின் உணர்வில் உள்ள மட்டக்களப்பும் அரசின் படத்தில் உள்ள மட்டக்களப்பும் வேறாகிவிட்டமைக்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு இல்லை.

போரதீவுப்பற்றின் வயல்களுக்கு நீர் வழங்குவது பெரும்பாலும் நவகிரிக் குளமாகும். அதன் நீர் மாவட்ட எல்லையை அடுத்த உயர்நிலத்திலிருந்து வருகின்றது. மேலேயுள்ள காட்டை வெட்டினாலும் மறுகாலைத் திறந்தாலும் அதன் பயன் கீழேயுள்ள வயலுக்கே வந்து சேரும். எல்லைக்கு அப்பால் எடுக்கும் முடிவு இப்பால் உள்ளாரைப் பாதிக்கின்றது. இப்பால் உள்ளார் முறையிடும் பணிமனையோ வேறொன்று. இற்றைநாளில் இப்பற்றைப் பெரிதும் வருத்தும் காட்டியானைகளின் நிலையும் இத்தகையதே. யானை மாவட்ட எல்லையை அறியாது. அதன் வழித்தடம் இரு மாவட்டக் காடுகளையும் தழுவியது. விரட்டும் முயற்சி ஒரு பக்கத்தில் நடந்தால் யானை மறுபக்கத்து வயலில் நிற்கும்.

உள்ளூர் அதிகாரமும் இக்காலத்தில் பலமுறை உருமாறியது. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பளிக்க முயன்றதோடு, வட்டை விதானையார் இடத்தில் பயிர்ச்செய்கைக் குழுக்களையும் கொண்டுவந்தது. 1963ஆம் ஆண்டில் கிராமத் தலைமைக்காரர் முறை ஒழிந்து கிராம சேவகர் முறை வந்தது. காரியாதிகாரிக்குப் பின் உதவி அரசாங்க அதிபரும், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பிரதேச செயலாளரும் வந்தனர். 1987ஆம் ஆண்டுச் சட்டம் பிரதேச சபைகளைத் தந்தது. 1988ஆம் ஆண்டில் வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இணைக்கப்பட்டன. உயர்நீதிமன்றத்தின் 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி 2007இல் மீண்டும் பிரிந்தன. இன்று மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் உள. அவற்றுள் ஒன்று போரதீவுப்பற்று. பெயர்ப்பலகை எத்தனை முறை மாறினும் பலகையில் எழுதப்பட்ட பற்றின் பெயர் ஒன்றே.

கரைகளின் பிரிவு

போர்க்காலத்தில் வாவி வெறும் நீர்ப்பரப்பாக இருக்கவில்லை. படுவான்கரையின் பல பகுதிகள் நெடுங்காலம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தன. எழுவான்கரை அரசபடையின் கையில் இருந்தது. துறையும் பாலமும் சோதனைக்குரிய இடங்களாயின. 2007ஆம் ஆண்டில் அரசபடை படுவான்கரையைக் கைப்பற்றியபோது அங்குள்ள மக்கள் பெருந்தொகையாக வாவியைக் கடந்து எழுவான்கரை முகாம்களில் தங்கினர். அதற்கு முன்னர், 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை எழுவான்கரையை அழித்தது. ஒரு துன்பம் கிழக்கிலிருந்து வந்தது. மற்றையது மேற்கிலிருந்து வந்தது. இரண்டிலும் மக்களுக்குப் புகலிடம் வாவியின் மறுகரையே. 1978 நவம்பர் சூறாவளியோ இரு கரையையும் வேறுபாடின்றி வீழ்த்தியது.

அமைதிக்காலத்திலும் கரைகளின் வேற்றுமை முற்றும் நீங்கவில்லை. உயர்தர மருத்துவத்துக்கும் பெருஞ்சந்தைக்கும் வங்கிக்கும் படுவான்கரை மக்கள் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடிப் பக்கம் செல்லவேண்டியுள்ளது. வடக்கே மண்முனைப் பாலம் 2014ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபின் கொக்கட்டிச்சோலைப் பகுதி பெற்ற நன்மை யாவரும் அறிந்ததே. அதுவரை துறையில் தோணிக்கும் பாதைக்கும் காத்துநின்ற நோயாளரும் மாணவரும் நெல்வணிகரும் சிறுபொழுதில் மறுகரையை அடைகின்றனர். ஒரு பாலம் திறப்பது ஒரு பற்றின் நிலவியலையே திருத்தி எழுதுவதாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் உண்மைகள் மூன்று. முதலாவது, பற்று என்னும் அலகு அரசர் அளித்த கொடையாலன்றி வாவியும் வயலும் கோயிலும் கூடி ஆக்கிய வாழ்வினாலே நிலைத்தது. இரண்டாவது, பழைய அலகில் எல்லாம் நன்றாக இருந்தன எனக் கொள்ளுதல் தவறாகும். குடிப்பிறப்பால் வந்த தலைமை நீங்கியதும், வயற்காரனுக்குச் சட்டம் துணைநின்றதும், ஊர் அலுவலர் கல்வித் தகுதியால் தெரிவானதும் வளர்ச்சியேயாம். மூன்றாவது, நீரையும் காட்டையும் குறுக்கறுத்து எல்லை வரையும்போது, இரு புறத்தாரும் கூடிப் பேசுவதற்கு ஓர் அவை வேண்டும். பழைய வயற்கூட்டத்தில் ஒரே வாய்க்காலில் நீர்கொள்வோர் யாவரும் கூடியிருந்தனர். அதனை ஒத்த கூட்டம் இன்று ஒரு குளத்திற்கு மட்டுமன்றி, எல்லை கடந்து நீளும் ஓர் ஆற்றுப் படுகை முழுவதற்கும் வேண்டும். முகத்துவாரம் வெட்டும் நாளைக் குறிப்பதில் வயலுடையாரும் மீனவரும் ஒருங்கே கேட்கப்படுதல் போல, நவகிரி நீரிலும் யானை வழித்தடத்திலும் இரு மாவட்டத்தாரும் ஒருங்கே கேட்கப்படுதல் முறையாகும்.

இவ்வரலாற்றின் மூலங்கள் பல, வீடுகளிலும் கோயில்களிலும் அழியும் நிலையில் உள. பழைய காணி உறுதிகளில் கண்டம், வட்டை, வாய்க்கால், எல்லைமரம் என வரும் பெயர்கள். கோயிற் கணக்கேடுகளில் ஊருக்கும் குடிக்கும் உரிய வரிசை. முதியோர் நினைவில் உள்ள துறைப்பெயர்கள் ஆகியவை எழுதிவைக்கப்படாவிடின் ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிடும். வெள்ளமும் சூறாவளியும் போரும் ஏட்டையும் உறுதியையும் பெரும்பகுதி கொண்டுபோயின. எஞ்சியவற்றைப் படியெடுத்துக் காப்பது மாணவர்க்கு எளிதாகச் செய்யத்தக்க பணி. தன் ஊரில் உள்ள வயற்கண்டங்களின் பெயரை ஒவ்வொரு மாணவனும் மாணவியும் எழுதித் தருவாராயின், பற்றின் படம் ஒன்று தானே உருவாகும். அரசு நாளைக்கு வேறோர் எல்லை வரையக்கூடும். அப்போது இப்படம் கையில் இருக்குமாயின், நீர் எவ்வழி பாய்கின்றது என்பதை வரைவோர்க்குக் காட்டும் சான்றாக அது நிற்கும்.